மலைமுகட்டில் ஒரு மேலாண்மைப் பாடம்

நுழையும்முன்

பெரும்பணி ஒன்றை நிறைவேற்றப் பொருளும் கருவியும் ஆளும் வேண்டும். இம்மூன்றும் இருந்தும் பாதியில் நின்றுபோன பணிகள் பல. இவற்றை ஒருங்கிணைத்துப் பணியை முடித்துத் தருபவரைத் திட்ட மேலாளர் என்கிறோம். தொழிலறிவோடு, மனிதரோடும் காலத்தோடும் இயைந்து செயலாற்றும் மென்திறன்களும் அவருக்கு வேண்டும். பழனி மலைத்தொடரில் அமைந்த கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் வரலாறு அவற்றை நமக்கு உணர்த்துகிறது.

தேவையை உணர்தல்

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைக் கொடும்பஞ்சம் வாட்டியது. மழை பொய்த்தது, பல இலட்சம் மக்கள் மாண்டனர். சூரியனில் நிகழும் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என அக்கால அறிவியலார் பலர் எண்ணினர். சென்னை வானாய்வகத்தின் தலைவராக இருந்த நார்மன் போக்சன், தென்னிந்திய மலையொன்றில் பெரிய தொலைநோக்கி அமைய வேண்டும் என 1882இல் முன்மொழிந்தார். அவ்வெண்ணம் ஈடேறுமுன்பே 1891இல் அவர் மறைந்தார்.

முன்மொழிந்தவர் மறைந்தால் திட்டமும் மறைவது உலக இயல்பு. இத்திட்டம் மறையவில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த மிக்கி ஸ்மித், போக்சனை அடுத்து அப்பொறுப்பை ஏற்றார். பிறர் தொடங்கிய பணியைத் தம் பணியாகக் கருதும் மனப்பாங்கு, மேலாளருக்குரிய முதற்பண்பாகும்.

ஆய்ந்து தெளிதல்

ஆய்வகம் எங்கே அமைய வேண்டும்? நீலகிரி அந்நாளிலேயே புகழ்பெற்ற மலைவாழிடம். எனினும், மிக்கி ஸ்மித் புகழைக் கொண்டு முடிவெடுக்கவில்லை. நீலகிரியிலும் பழனி மலையிலும் வானத்தின் நிலையை ஆராய்ந்து, கொடைக்கானலே ஏற்றது எனப் பரிந்துரைத்தார். அங்குச் சூரிய இயற்பியல் ஆய்வகம் அமைக்க 1893இல் முடிவு செய்யப்பட்டது. 1895இல் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். விருப்பு வெறுப்பை விலக்கிச் சான்றுகளின்வழி முடிவெடுத்தல் இரண்டாவது பண்பாகும்.

பொறுமையும் உழைப்பை மதித்தலும்

இன்று பேருந்துகள் செல்லும் மலைச்சாலை அன்று முழுமை பெறவில்லை. அம்மையநாயக்கனூர் வரை தொடர்வண்டி. அங்கிருந்து மலையடிவாரம் வரை மாட்டுவண்டி. அதன்பின் செங்குத்தான மலைப்பாதை. சுமந்து ஏறிய தொழிலாளர்களின் தோள்களாலேயே மலைமேல் ஓர் ஊர் உருவாயிற்று. ஏறக்குறைய 2,340 மீட்டர் உயரத்தில் எழுந்த ஆய்வகத்தில் 1901இல் சூரிய ஆய்வுப் பணிகள் தொடங்கின. முன்மொழிவுக்கும் தொடக்கத்துக்கும் இடையே 19 ஆண்டுகள் கழிந்திருந்தன. காலத் தாழ்வால் சோர்ந்துவிடாமையும், பெயர் பதிவாகாத உழைப்பையும் மதித்தலும் மேலாளருக்கு இன்றியமையாதவை.

வல்லவர்க்கு இடமளித்தல்

1907இல் ஜான் எவர்ஷெட் உதவி இயக்குநராகக் கொடைக்கானலுக்கு வந்தார். கருவிகளைத் தாமே வடிவமைக்கவும் செப்பனிடவும் வல்லவர் அவர். 1909 சனவரியில் சூரியப் புள்ளிகளை ஆராய்ந்தபோது, அவற்றின் நடுப்பகுதியிலிருந்து வெளிவிளிம்பை நோக்கி வளிமங்கள் பாய்வதைக் கண்டறிந்தார். உலகம் இன்றும் அதனை ‘எவர்ஷெட் விளைவு’ என்றே அழைக்கிறது.

அப்போது இயக்குநராக இருந்தவர் மிக்கி ஸ்மித். இடத்தைத் தேர்ந்து, ஆய்வகத்தை எழுப்பி வழிநடத்தியவர் அவர். கண்டுபிடிப்புக்கு அமைந்த பெயரோ மற்றொருவருடையது. மேலாளரின் பணி பெரும்பாலும் இத்தகையதே. பிறர் திறன் வெளிப்படுவதற்குரிய களத்தை அவர் அமைக்கிறார். கட்டடத்தைத் தாங்கும் கடைக்காலைப் போலக் கண்ணுக்குப் புலப்படாமல் நிற்கிறார். 1911இல் மிக்கி ஸ்மித் ஓய்வுபெற, எவர்ஷெட் இயக்குநரானார்.

தொடர்ச்சியே வெற்றி

சூரியனை ஆராய்ந்து மழையை முன்னறியலாம் என்ற தொடக்கக்கால நம்பிக்கை, எண்ணியவாறு நிறைவேறவில்லை. ஆயினும் பணி வீணாகவில்லை. 1904 முதல், வானம் தெளிந்த நாள்களில் சூரியனைப் படமெடுக்கும் வழக்கம் தலைமுறைகளைக் கடந்து தொடர்ந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட அப்பதிவுகள் இன்று எண்மவடிவம் பெற்று, சூரியனின் நீண்டகால மாற்றங்களை அறிய உலக ஆய்வாளர்களுக்கு உதவுகின்றன. நாளும் செய்யும் சிறுபணியில் காட்டிய ஒழுங்கு பெருஞ்செல்வமாயிற்று.

திருக்குறளின் பொருட்பாலில் வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என்னும் அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. நோக்கத்தில் தூய்மை, உள்ளத்தில் உறுதி, செயலில் முறைமை என்னும் வரிசையை இவ்வாய்வக வரலாற்றிலும் காணலாம்.

பள்ளி ஆண்டுவிழாவும் நாட்டு நலப்பணித் திட்ட முகாமும் நாம் பொறுப்பேற்கும் சிறு திட்டங்களே. அவற்றின் முடிவில், ‘என் பெயர் எங்கே?’ என்று தேடுவதைவிட, ‘நான் விலகிய பின்னும் இப்பணி நடக்குமா?’ என்று நம்மை நாமே வினவிக்கொள்வோம். அவ்வினாவுக்கு ‘ஆம்’ என விடை கூற முடிந்தவரே சிறந்த மேலாளர்.