10 ரூபாய் தக்காளி, 100 ரூபாய் தக்காளி... நடுவில் ஒரு மொட்டைமாடி! - தேனி வெயிலில் பழம் உலர்த்தும் கணக்கு

சித்திரை பிறந்துவிட்டால் தேனி மாவட்டத்தில் எல்லாமே ஒரே நேரத்தில் வந்து குவியும். கம்பம், கூடலூர், சுருளிப்பட்டி பக்கம் பந்தல்களில் பன்னீர் திராட்சை கறுத்துத் தொங்கும். பெரியகுளத்தில் காசா லட்டும் கல்லாமையும் பழுத்து வாசம் வீசும். சின்னமனூர் பக்கம் வாழைத்தார்கள் வண்டி ஏறும். ஆண்டிபட்டிப் பக்கம் முருங்கை தழைத்து நிற்கும். சந்தையில் தக்காளி விலையோ சில வாரங்களில் கிலோ 10 ரூபாய்க்கும் கீழே இறங்கிவிடும்.

இந்த ஊர்களில் சொந்தபந்தம் உள்ளவர்களுக்கு அடுத்து நடப்பது தெரியும். 'தோட்டத்துல காய்ச்சது, சும்மா வச்சுக்கங்க' என்று ஒரு பை நிறைய பழம் வீடு வந்து சேரும். முதல் நாள் சந்தோஷம். இரண்டாம் நாள் ஜூஸ். மூன்றாம் நாள் அக்கம்பக்கத்துக்குப் பங்கு. நான்காம் நாள் குப்பைத்தொட்டி.

சித்திரையில் குப்பைக்குப் போன அதே தக்காளியை ஆடியில் என்ன விலை கொடுத்து வாங்குகிறோம்? 2023 ஜூலையில் சென்னையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இந்த 2 விலைகளுக்கும் நடுவில் இருப்பது சுமார் 3 மாதங்கள். அந்த 3 மாதங்களைத் தாண்டப் பழத்துக்கு ஒரு வழி வேண்டும். அதற்கான இடம் பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. மொட்டைமாடிதான்!

வத்தல் போடத் தெரியும்... பழம் ஏன் பூஞ்சணம் பிடிக்கிறது?

சுண்டைக்காய் வத்தல், மணத்தக்காளி வத்தல், கொத்தவரை வத்தல், மோர் மிளகாய் என்று உலர்த்தும் கலை நம் வீடுகளுக்குப் புதிதல்ல. ஆனால், அதே கையால் திராட்சையையோ வாழைப்பழத்தையோ காயவைத்தால் பலருக்கும் சொதப்பிவிடுகிறது. காரணம் எளிது. வத்தலுக்குப் போடும் காய்களில் சர்க்கரை குறைவு. உப்பும் மோரும் காவலுக்கு நிற்கின்றன. பழத்தில் சர்க்கரை அதிகம். அது ஈரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும், எறும்பையும் ஈயையும் கூப்பிட்டுக்கொள்ளும்.

இன்னொரு தவறான நம்பிக்கையும் இருக்கிறது. 'வெயில் நன்றாக அடித்தால் போதும், காய்ந்துவிடும்' என்பதுதான் அது. உண்மையில் சூடு செய்வது பாதி வேலை மட்டுமே. பழத்துக்குள் இருக்கும் நீரைச் சூடு வெளியே கொண்டுவரும். அதை எடுத்துக்கொண்டு போவது காற்று. காற்றே ஈரமாக இருந்தால் எவ்வளவு சூடு இருந்தும் பயனில்லை.

இதற்குப் பாடம் படிக்க வெகுதூரம் போக வேண்டாம். போடிநாயக்கனூர் வரை போனால் போதும். ஏலக்காய் வணிகத்துக்குப் பெயர்போன இந்த ஊருக்கு வரும் காய்கள் பெரும்பாலும் இடுக்கி மலைத் தோட்டங்களில் விளைந்தவை. அவற்றை யாரும் வெயிலில் கொட்டிக் காயவைப்பதில்லை. வெயில் பட்டால் பச்சை நிறம் வெளுத்துவிடும். மூடிய அறையில், சுமார் 45 முதல் 55 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், ஈரக்காற்று வெளியேற வழிவிட்டு, ஏறத்தாழ ஒரு நாள் முழுக்கப் பக்குவமாக உலர்த்துகிறார்கள். சுமார் 4 முதல் 5 கிலோ பச்சைக் காய், ஒரு கிலோ உலர்ந்த ஏலக்காயாகிறது. மிதமான சூடு, நகரும் காற்று, இருட்டு. மணமும் நிறமும் நிற்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

கம்பம் ஏன் உலர் திராட்சை ஊர் ஆகவில்லை?

பலருக்கும் வரும் சந்தேகம் இது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழகத்துக்குக் கொண்டுவந்த ரகம் என்று சொல்லப்படுகிறது. ஆராய்ச்சியாளர்கள் இதை 'மஸ்கட் ஹாம்பர்க்' என்பார்கள். ராயப்பன்பட்டி அருகே ஆனைமலையான்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் திராட்சைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நடத்துகிறது. இவ்வளவு இருந்தும், பாயசத்துக்கு வாங்கும் உலர் திராட்சை மகாராஷ்டிராவின் சாங்லி, நாசிக், கர்நாடகாவின் விஜயபுரா பகுதிகளிலிருந்துதான் அதிகம் வருகிறது.

முதல் காரணம், விதை. அங்கே உலர்த்தப்படுவது 'தாம்சன் சீட்லெஸ்' போன்ற விதையில்லா ரகங்கள். பன்னீர் திராட்சையில் விதை உண்டு. பழம் சுருங்கினாலும் விதை சுருங்காது. அதனால், கடிக்கும்போது நறநறவென்று தட்டுப்படும்.

இரண்டாவது காரணம், காற்று. அங்கே ஜனவரி முதல் ஏப்ரல் வரை அறுவடை. காற்று வறண்டிருக்கும் பருவம் அது. கம்பத்தில் ஆண்டு முழுக்கத் திராட்சை கிடைக்கும் என்பது விவசாயிக்கு வரம். ஆனால், உலர்த்துபவருக்கு அது சிக்கல். ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவக்காற்று மலை தாண்டிச் சாரலைக் கொண்டுவரும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை.

எனவே இந்தப் பள்ளத்தாக்கில் வீட்டில் பழம் உலர்த்த ஏற்ற காலம் மாசி முதல் வைகாசி நடுப்பகுதி வரைதான். 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்பார்கள். கம்பம் கணவாய்க் காற்றில் தட்டும் சேர்ந்தே பறக்கும். கூடவே தூசியும் வரும்.

ஒரு கிலோவில் தொடங்குங்கள்

உலர்த்துவதைச் சமையலாக நினைக்காமல் ஒரு சின்னப் பரிசோதனையாக நினைப்பது நல்லது. கிடைத்த 10 கிலோவையும் முதல் நாளே வெட்டிப் பரப்பினால், தப்பும் 10 கிலோ அளவுக்கு இருக்கும். ஒரு கிலோ, ஒரு தட்டு, ஒரு நோட்டு, சமையலறைத் தராசு. இவை போதும்.

நோட்டும் தராசும் எதற்கு? 'காய்ந்துவிட்டதா?' என்ற கேள்விக்கு விரல் சொல்லும் பதிலைவிட எடை சொல்லும் பதில் நம்பகமானது. தக்காளியில் சுமார் 94 சதவிகிதம் தண்ணீர்தான். அதனால் ஒரு கிலோ தக்காளி காய்ந்தால் சுமார் 65 கிராம் மட்டுமே மிஞ்சும். திராட்சை 4 கிலோவுக்கு ஒரு கிலோ. தோல் உரித்த வாழைப்பழம் ஒரு கிலோவுக்குச் சுமார் 300 கிராம். மாம்பழச் சதை ஒரு கிலோவுக்குச் சுமார் 200 கிராம். ஒரு கிலோ தக்காளி 150 கிராமில் நின்றுகொண்டிருக்கிறது என்றால், தொட்டுப் பார்க்க எவ்வளவு காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

தட்டு விஷயத்திலும் கவனம் தேவை. தரையில் விரிக்காமல் உயரத்தில் வைக்க வேண்டும். பழைய கயிற்றுக்கட்டில் இதற்கு அருமையான சாதனம். மேலே சுத்தமான வேட்டித்துணி விரித்துப் பழத்தைப் பரப்பி, அதற்கு மேல் கொசுவலை கட்டிவிட்டால் கீழிருந்தும் காற்று போகும், ஈயும் அண்டாது. கட்டில் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பும் ஏறாது. துத்தநாகம் பூசிய கம்பி வலையும் அலுமினியத் தட்டும் வேண்டாம். புளிப்புள்ள பழங்கள் அவற்றோடு வினைபுரியும். மாலை ஆனதும் எல்லாவற்றையும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். பகலில் போன ஈரத்தை இரவுப் பனி திருப்பிக் கொடுத்துவிடும்.

எந்தப் பழம், எப்படி?

தக்காளி: கெட்டியான, சதைப்பற்றுள்ள பழமாகத் தேர்ந்தெடுங்கள். அரை சென்டிமீட்டர் தடிமனில் வட்டமாக நறுக்கி, லேசாக உப்பு தூவி வெயிலில் வைக்கலாம். நல்ல வெயிலில் 3 முதல் 4 நாள்கள். வளைத்தால் ஒடியும் பதம் வர வேண்டும். பொடித்து வைத்தால் ரசத்துக்கும் குழம்புக்கும் கைகொடுக்கும்.

வாழைப்பழம்: மஞ்சள் நிறம் வந்து, கறுப்புப் புள்ளி விழத் தொடங்கும் முன் எடுக்க வேண்டும். கனிந்து குழைந்தது சரிப்படாது. நறுக்கிய துண்டுகளை எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் 5 நிமிடங்கள் போட்டு எடுத்தால் கறுப்பது குறையும். வாழையை உலர்த்தி விற்பனைக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், திருச்சியில் 1993 முதல் இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தை அணுகலாம்.

பன்னீர் திராட்சை: தோலின் மேல் இருக்கும் மெழுகுபோன்ற படலம்தான் இதில் எதிரி. அது ஈரத்தை வெளியே விடாது. கழுவிய பழங்களைக் கொதிக்கும் நீரில் அரை நிமிடம் முக்கி, உடனே குளிர்ந்த நீரில் போட்டால் தோலில் மெல்லிய கீறல்கள் விழும். இரண்டாக வெட்டி விதையை நீக்கிவிட்டு உலர்த்தினால் சீக்கிரம் காயும், நறநறப்பும் இருக்காது. முழுசாக உலர்த்தினால் ஒரு வாரத்துக்கும் மேல் ஆகலாம். கடையில் வாங்கும் திராட்சையின் பொன்னிறத்தை எதிர்பார்க்க வேண்டாம். இது கறுப்பாகத்தான் வரும்.

மாம்பழம்: ஆந்திராவின் 'மாமிடி தாண்ட்ரா' முறைதான் வீட்டுக்கு எளிது. சதையை அரைத்து, அடுப்பில் நன்கு கொதிவரச் சூடுபடுத்தி ஆறவிட்டு, எண்ணெய் தடவிய தட்டில் மெல்லிசாகப் பரப்ப வேண்டும். ஒட்டாத பதம் வந்ததும் அதன் மேல் அடுத்த அடுக்கு. அடிபட்ட, உருவம் கெட்ட மாம்பழங்களின் நல்ல சதையை இப்படிக் காப்பாற்றிவிடலாம். அழுகத் தொடங்கிய பகுதியை மட்டும் சேர்க்கக் கூடாது.

முருங்கை இலை: பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்-1 முருங்கை ஊர்ப்பெயரையே சுமந்து நாடெங்கும் போனது. அதன் இலையை உலர்த்த வெயிலே வேண்டாம். கழுவி, நீர் வடித்து, மின்விசிறி ஓடும் அறையில் பரப்பினால் சில நாள்களில் மொறுமொறுப்பாகிவிடும். வெயிலில் போட்டால் நிறத்தோடு சத்தும் வெளுக்கும்.

காய்ந்த பிறகுதான் முக்கியமான வேலை

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். உலர்ந்த பழத்தை உடனே டப்பாவில் அடைத்து மூடிவிடக் கூடாது. ஆறவிட்டு, கண்ணாடி பாட்டிலில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, ஒரு வாரம் முதல் 10 நாள்கள் வரை தினமும் குலுக்கிவிட வேண்டும். ஒரு துண்டில் மிஞ்சிய ஈரம் மற்ற துண்டுகளுக்கும் சமமாகப் பரவும். பாட்டிலின் உள்பக்கம் நீர்த்திவலை தெரிந்தால் மீண்டும் தட்டுக்கே அனுப்புங்கள். வெயிலில் உலர்த்தியதில் பூச்சி முட்டை இருக்க வாய்ப்புண்டு. ஃப்ரீசரில் 48 மணி நேரம் வைத்து எடுத்தால் அந்தக் கவலை தீரும்.

அதிக அனலில் அவசரமாகக் காயவைத்தால் மேல்தோல் இறுகி, உள்ளே ஈரம் சிறைப்படும். மேலே கல், உள்ளே கூழ். சில நாள்களில் பூஞ்சணம் வரும். அப்படி வந்தால், அந்தத் துண்டை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை வறுத்துச் சாப்பிடலாம் என்று நினைக்கக் கூடாது. பூஞ்சணத்தின் சில நச்சுகள் சூட்டிலும் அழியாது. முழு பாட்டிலையும் தூக்கிப்போடுவதுதான் சரி. அதேபோல, உலர் தக்காளியைப் பூண்டோடு எண்ணெயில் ஊறவைத்து அலமாரியில் வைக்கும் முறையை வீட்டில் முயல வேண்டாம். காற்றுப்புகாத எண்ணெய்க்குள் உயிருக்கே ஆபத்தான கிருமிகள் வளரக்கூடும்.

இன்னொரு எச்சரிக்கை, சர்க்கரை நோயாளிகளுக்கு. தண்ணீர் போனாலும் பழத்தின் சர்க்கரை அப்படியே இருக்கும். ஒரு கிலோ திராட்சையை ஒரே மூச்சில் யாரும் சாப்பிட முடியாது. அதுவே கால் கிலோவாகச் சுருங்கிக் கிண்ணத்தில் இருந்தால், பேச்சு சுவாரஸ்யத்தில் காலியாகிவிடும். வைட்டமின் சி-யும் உலர்த்தும்போது பெருமளவு குறைந்துவிடும். எனவே இது புதுப்பழத்துக்கு மாற்று அல்ல. வீணாவதற்கு மாற்று.

விற்கலாமா?

கேள்வி நியாயமானது. ஆனால், முதலில் கணக்கு. 10 கிலோ தக்காளி, 4 நாள் உழைப்பு, கையில் 650 கிராம். வீட்டுச் சமையலுக்கு இது லாபம். விற்பனைக்கு மொட்டைமாடி போதாது. பாலிகார்பனேட் கூடார சூரிய உலர்த்தி போன்ற வசதி வேண்டும். அதற்கு மானியம் உண்டா என்று வேளாண்மைப் பொறியியல் துறையில் கேட்கலாம். 2020-ல் தொடங்கப்பட்ட பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டம் 35 சதவிகிதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை கடனோடு இணைந்த மானியம் என்று அறிவிக்கப்பட்டது. தற்போதைய விதிமுறைகளை விசாரித்துவிட்டு இறங்குவது நல்லது. எந்த அளவில் விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு கட்டாயம். பயிற்சிக்குக் காமாட்சிபுரத்தில் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது.

விற்பனை பிறகு இருக்கட்டும். அடுத்த முறை தோட்டத்திலிருந்து ஒரு பை தக்காளி வந்தால், அதில் ஒரு கிலோவை எடுத்து எடை போட்டு, நறுக்கி, மாடியில் வையுங்கள். நோட்டில் தேதி எழுதுங்கள். ஆடி மாதம் தக்காளி விலை ஏறும் ஒரு நாளில், அந்தப் பாட்டிலைத் திறந்து ஒரு ஸ்பூன் பொடியை ரசத்தில் போடுங்கள். சித்திரை வெயில் வீண்போகவில்லை என்று நாக்கே சொல்லும்!