நூற்றை நெருங்கும் சைக்ளோன்

2024 ஆகஸ்ட் மாதம், நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் சைக்ளோன் ரோலர் கோஸ்டர் ஓட்டத்தின் நடுவே நின்றுவிட்டது. பெட்டிகளில் இருந்தவர்களைப் பத்திரமாகக் கீழே இறக்கினார்கள். பெட்டிகளை உச்சிக்கு இழுக்கும் சங்கிலியைச் சுழற்றும் பல்சக்கரத்தில் விரிசல் விட்டிருந்தது. பழுது பார்த்து, ஆய்வு முடிந்த பிறகுதான் மறுபடி ஆட்களை ஏற்றினார்கள்.

அப்போதே 97 வயதாகியிருந்த ராட்டினத்தை இன்னும் ஏன் ஓட்டுகிறார்கள் என்று கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் திறப்பு விழாத் தேதியை மட்டும் வைத்து ஒரு ராட்டினத்துக்கு வயது சொல்ல முடியாது. சைக்ளோன் திறக்கப்பட்டது 1927 ஜூன் 26 அன்று. அதற்குப் பிறகு அதன் பலகைகளும் சக்கரங்களும் போல்ட்டுகளும் எத்தனையோ முறை மாறிவிட்டன. மாறாமல் காப்பாற்றப்படுவது அந்தப் பாதையின் வடிவம். எங்கே விழுவது, எங்கே திரும்புவது என்கிற கணக்கு.

அந்தக் கணக்கைப் போட்டவர் வெர்னன் கீனன். கட்டிக் கொடுத்தவர் ஹாரி பேக்கர். உயரம் 85 அடி. தண்டவாளத்தின் நீளம் 2,640 அடி, அதாவது சரியாக அரை மைல். மொத்தம் 12 இறக்கங்கள். வேகம் மணிக்கு 60 மைல் வரை போகும். ஏறி உட்கார்ந்தால் 1 நிமிடம் 50 நொடியில் எல்லாம் முடிந்துவிடும். தாங்கி நிற்கும் சட்டகம் இரும்பு என்றாலும் பெட்டிகள் ஓடும் பாதை மரத்தால் ஆனது. ஓயாத பராமரிப்பு தேவைப்படுவது அதனால்தான்.

மரப்பாதை என்றதும் இரண்டு நீளமான உத்தரங்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்த வகைக் கோஸ்டர்களில் பலகைகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஏழெட்டு அடுக்கு வைத்து, ஆணியும் போல்ட்டும் போட்டு இறுக்குவார்கள். ஒரு அடுக்கில் இரண்டு பலகைகள் சேரும் இடத்துக்கு நேர் மேலே அடுத்த அடுக்கின் இணைப்பு வரக் கூடாது. வந்தால் பாதை அங்கே பலவீனமாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலே தட்டையான எஃகுப் பட்டை. சக்கரம் அதன் மேல் உருள்கிறது. பக்கவாட்டில் ஒரு சக்கரம் வழிகாட்டும். பாதைக்கு அடியில் இன்னொரு சக்கரம் உண்டு. மேட்டைத் தாண்டும்போது பெட்டி எம்பிப் பறந்துவிடாமல் பிடித்துக்கொள்வது அதுதான். அந்த அடிச்சக்கர ஏற்பாட்டுக்கு 1919-ல் காப்புரிமை பெற்றவர் ஜான் மில்லர் என்ற அமெரிக்கர். அது வந்த பிறகுதான் இவ்வளவு செங்குத்தான இறக்கங்களைத் துணிந்து கட்ட முடிந்தது.

பாதை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. இறக்கத்தின் அடிவாரத்தில்தான் பாரம் அதிகம். விழுந்து வரும் வேகத்தோடு பெட்டிகள் அங்கே திரும்பி மேலேறும்போது, அவற்றின் எடை பல மடங்காகிப் பலகைகளை அழுத்துகிறது. நாள்பட நாள்பட அடுக்குகள் நசுங்குகின்றன, ஆணி இளகுகிறது, இடுக்கில் மழைநீர் இறங்குகிறது. முதலில் ஒரு சின்னக் குழி விழும். அடுத்த முறை சக்கரம் அந்தக் குழியில் இறங்கி ஓங்கி அடிக்கும். அடி விழ விழக் குழி ஆழமாகும். ஆகவே அதைச் சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட வேண்டும்.

பிடிப்பதற்கு இன்றும் நம்பகமான வழி, நடந்து பார்ப்பது. மர ரோலர் கோஸ்டர் உள்ள பூங்காக்களில், வாசல் திறப்பதற்கு முன்பே மெக்கானிக்குகள் தண்டவாளம் முழுவதும் நடந்து போவார்கள். எழும்பி நிற்கும் ஆணியைச் சுத்தியலால் அடித்து இறக்குவார்கள். தளர்ந்த நட்டை முடுக்குவார்கள். பட்டை அரை அங்குலம் நகர்ந்திருந்தாலும் பழகிய கண்ணுக்குத் தெரிந்துவிடும். சந்தேகமான இடத்தில் தட்டிப் பார்ப்பார்கள். திடமான மரம் கணீரென்று ஒலிக்கும், உளுத்த மரம் மந்தமாக ஒலிக்கும். பிறகு காலிப் பெட்டிகளை ஓட விட்டு, கீழே நின்று சத்தத்தைக் கேட்பார்கள். காலையில் கிரீஸ் கெட்டியாக இருப்பதால் ஓட்டம் மந்தமாக இருக்கும். பகல் முழுக்க ஓடிச் சூடேறிய பிறகு, அதே ராட்டினத்துக்குச் சாயங்காலத்தில் வேகம் கூடிவிடும். இந்த வித்தியாசம் பழகிப்போனவருக்குத்தான், வழக்கத்துக்கு மாறான ஒரு சத்தம் சட்டென்று உறைக்கும்.

கடலோரம் என்பது இன்னொரு தொல்லை. சென்னை பெசன்ட் நகர் வீடுகளில் ஜன்னல் கம்பியை உப்புக் காற்று தின்பதுபோலத்தான், கோனி ஐலண்டில் இரும்புச் சட்டகத்தையும் போல்ட்டுகளையும் தின்கிறது. சுரண்டுவதும் பெயின்ட் அடிப்பதும் அங்கே முடிவில்லாத வேலை.

பெரிய வேலைகள் குளிர்காலத்தில். பனி விழும் மாதங்களில் ராட்டினம் மூடியிருக்கும்போது தேய்ந்த பகுதிகளைப் பெயர்த்துப் புதுப் பலகை போடுவார்கள். பொதுவாகப் பெட்டிகளையும் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிவிடுவது இந்தத் தொழிலின் வழக்கம். அச்சு, சக்கரம் போன்ற இரும்பு உறுப்புகளைக் காந்தமேற்றி நுண்ணிய இரும்புத்தூளைத் தூவுவார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் தூள் அந்த இடத்தில் கோடாகச் சேர்ந்துகொள்ளும். பக்கத்திலேயே 1920-லிருந்து சுற்றும் வொண்டர் வீல் என்ற 150 அடி ராட்சத ராட்டினத்தில், 24 கூண்டுகளையும் குளிர்காலத்தில் கழற்றி இறக்கிவிடுகிறார்கள்.

இந்த வேலையில் ஒரு நாள் அசந்தாலும் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்ட் ஒரு துயரமான சாட்சி. 2003 செப்டம்பர் 5 அன்று பிக் தண்டர் மவுண்டன் ரயில்ரோடு தடம் புரண்டு 22 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். பத்துப் பேர் காயமடைந்தார்கள். மாநில அரசின் விசாரணை, பராமரிப்புக் குறைபாட்டைக் காரணமாகச் சொன்னது. வழிகாட்டும் சக்கர அமைப்பின் போல்ட்டுகள் முறைப்படி முடுக்கப்படவில்லை. வண்டியிலிருந்து விநோதமான சத்தம் வருவதை ஊழியர்கள் கவனித்திருந்தார்கள். ஆனாலும் அது இன்னொரு சுற்றுக்குப் போனது. ராட்டினம் மூடப்பட்டிருப்பதைப் பார்த்து முகம் சுளிக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய சம்பவம் இது. அந்தச் சத்தத்துக்காக அப்போதே நிறுத்தியிருந்தால் வரிசையில் நின்றவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சியிருக்கும். ஓர் உயிர் போயிருக்காது.

ஒட்டுப் போட்டுச் சமாளிக்க முடியாத கட்டமும் வரும். அதே டிஸ்னிலேண்டில் 1977-ல் திறந்த ஸ்பேஸ் மவுண்டனை 2003 ஏப்ரலில் மூடினார்கள். இருட்டில் ஓடும் அந்த ராட்டினத்தின் தண்டவாளம் முழுவதையும் எடுத்துவிட்டு, பழைய பாதையின் வளைவு நெளிவுகளை அப்படியே பின்பற்றிப் புதிதாகப் போட்டு, 2005 ஜூலையில் திறந்தார்கள். இரண்டு வருடத்துக்கும் மேல் வருமானத்தை விட்டுக்கொடுத்து, முன்பு இருந்ததையே மறுபடி கட்டுவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

டெக்ஸாஸில் வேறு வழியில் போனார்கள். 1990-ல் திறந்த டெக்ஸாஸ் ஜயன்ட் என்ற மர ராட்டினம் இருபது ஆண்டுகளுக்குள் எலும்பை உலுக்கும் அளவுக்குக் கரடுமுரடாகிவிட்டது. 2009-ல் அதை மூடி, ராக்கி மவுண்டன் கன்ஸ்ட்ரக்‌ஷன் நிறுவனத்தை அழைத்தார்கள். அவர்கள் மரச் சட்டகத்தைப் பெரும்பாலும் வைத்துக்கொண்டு, பாதையை எஃகுக்கு மாற்றி, உயரத்தை 153 அடியாக்கி, இறக்கத்தை 79 பாகைக்குச் செங்குத்தாக்கினார்கள். 2011-ல் திறந்தபோது வழுக்கிக்கொண்டு ஓடியது. அந்த நிறுவனம் அதன்பின் பல பழைய மர ராட்டினங்களை இப்படி மாற்றியிருக்கிறது. இடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் மரம் வளைந்து கொடுக்கும் அந்த அதிர்வு, பலகைகளின் முனகல், எல்லாம் போய்விடுகிறது. கிடைப்பது நல்ல ராட்டினம்தான். பழைய ராட்டினம் அல்ல.

சைக்ளோனுக்கு அப்படி நேராது. 1988-ல் நியூயார்க் நகரம் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. 1991-ல் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. அந்த நிலையை எட்டுவதற்கு முன் அது தப்பிப் பிழைத்ததே பெரிது. நகர நிர்வாகம் அதை வாங்கி, இடிக்கத் திட்டமிட்டது. பக்கத்து மீன் காட்சியகத்தை விரிவாக்க நிலம் தேவைப்பட்டது. மக்கள் விடவில்லை. கடைசியில் அருகிலிருந்த ஆஸ்ட்ரோலேண்ட் பூங்காக்காரர்கள் குத்தகைக்கு எடுத்து, செப்பனிட்டு, 1975 ஜூலையில் மறுபடி ஓட விட்டார்கள்.

பழைய ராட்டினத்தோடு சேர்த்துக் காப்பாற்ற வேண்டிய இன்னொன்று கைப்பழக்கம். மெல்போர்னின் லூனா பார்க்கில் 1912 டிசம்பரிலிருந்து ஓடும் சீனிக் ரயில்வேயில், பெட்டிகளுக்கு நடுவே ஒரு பிரேக்காரர் நின்றுகொண்டே பயணம் செய்கிறார். வேகத்தைக் கட்டுப்படுத்துவது அவர் கையிலிருக்கும் நெம்புகோல்தான். கோபன்ஹேகனின் டிவோலி தோட்டத்தில் 1914-ல் கட்டிய ராட்டினத்திலும் இதே முறை. ஏறியிருப்பவர்களின் எடை எவ்வளவு, பாதை நனைந்திருக்கிறதா காய்ந்திருக்கிறதா என்பதைப் பொறுத்து, எந்த மேட்டில் எவ்வளவு அழுத்துவது என்று ஒவ்வொரு சுற்றிலும் அவரே முடிவு செய்கிறார். புதிதாக வேலைக்கு வருபவரை உடனே தனியாக நிறுத்திவிட முடியாது. வெயிலிலும் மழையிலும் அந்தப் பாதை எப்படி நடந்துகொள்கிறது என்பதை அவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்.