ஆப் காட்டும் காட்டுப் பாதையில் சைக்கிளில் போகலாமா? கிராவல் பைக்கிங் கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மொபைலில் சைக்கிளிங் ஆப்பைத் திறக்கிறீர்கள். மலையடிவாரத்தில் இருந்து காட்டுக்குள் மெல்லிய கோடு ஒன்று வளைந்து வளைந்து போய், மறுபக்கத்து ஊரில் முடிகிறது. 32 கிலோமீட்டர்தான். யாரோ ஏற்கனவே ஓட்டிய தடமும் அதில் பதிவாகி இருக்கிறது. அப்புறம் என்ன, ஞாயிறு காலை கிளம்பிட வேண்டியதுதானே?

கொஞ்சம் பொறுங்க. அந்தக் கோடு "இங்கே ஒரு பாதை இருக்கு" என்று மட்டும்தான் சொல்கிறது. "நீங்கள் இதில் போகலாம்" என்று சொல்லவில்லை. முன்னாடி போனவர் அனுமதி வாங்கிப் போனாரா, தெரியாமல் போய் மாட்டினாரா என்பதும் ஆப்புக்குத் தெரியாது.

கிராவல் பைக் என்றால் என்ன?

ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில், மலைச் சைக்கிள் மாதிரி தடித்த டயர். இரண்டுக்கும் நடுவில் பிறந்த வண்டிதான் கிராவல் பைக். தார் ரோட்டிலும் வேகம் எடுக்கும், ஜல்லி, செம்மண் பாதையிலும் தடுமாறாது. சாலைப் பந்தய சைக்கிளில் டயர் அகலம் பெரும்பாலும் 25 முதல் 28 மில்லிமீட்டர் இருக்கும். கிராவலில் 38 முதல் 45 மில்லிமீட்டர் வரை.

இதில் ஒரு வேடிக்கை. நம்ம ஊர் பால்காரர் கேன் கட்டி ஓட்டும் பழைய கறுப்பு சைக்கிளின் டயரும் கிட்டத்தட்ட 40 மில்லிமீட்டர்தான். வரப்பிலும் வண்டிப் பாதையிலும் அவர் பல வருஷமாக ஓட்டுவதற்குத்தான் இப்போது ஸ்டைலாகப் பேர் வைத்திருக்கிறார்கள். அதனால் ஆரம்பிக்கும்போதே பெரிய தொகை போட்டு புது வண்டி வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வீட்டில் இருக்கும் ஹைப்ரிட் அல்லது மலைச் சைக்கிள் போதும்.

விளையாட்டாக இது வளர்ந்தது அமெரிக்காவில். கன்சாஸ் மாநிலத்தின் ஃபிளின்ட் ஹில்ஸ் பகுதியில் 2006-ல் தொடங்கிய 200 மைல் பந்தயம்தான் இன்று 'அன்பவுண்ட் கிராவல்' என்ற பெயரில் நடக்கிறது. சர்வதேச சைக்கிளிங் சம்மேளனம் 2022-ல் இத்தாலியில் முதல் கிராவல் உலக சாம்பியன்ஷிப்பை நடத்தியது.

வெளிநாட்டில் மட்டும் காட்டுக்குள் எப்படி ஓட்டுகிறார்கள்?

வீடியோ பார்ப்பவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. கனடாவின் ராக்கி மலையில் தொடங்கி மெக்சிகோ எல்லை வரை 4,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் 'கிரேட் டிவைட்' சைக்கிள் வழித்தடம், பெரும்பகுதி அரசின் காட்டு நிலங்களில் உள்ள மண் சாலைகளில்தான் போகிறது. அந்தச் சாலைகள் பொதுமக்களுக்குத் திறந்தவை. ஸ்காட்லாந்தில் இன்னும் ஒரு படி மேலே. 2003-ம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் யாரும் பெரும்பாலான நிலங்களில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் உரிமை தருகிறது.

இந்தியாவில் கணக்கு நேர் எதிர். இங்கே காடு என்றால் முதலில் தடை, பிறகுதான் அனுமதி.

நம்ம சட்டம் என்ன சொல்கிறது?

1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-வது பிரிவு, சரணாலயத்துக்குள் யார் நுழையலாம் என்று பட்டியல் போடுகிறது. பணியில் உள்ள அரசு ஊழியர், அனுமதி பெற்றவர், உள்ளே நிலம் அல்லது வீடு உள்ளவர், அவர்களைச் சார்ந்தவர்கள். அப்புறம் முக்கியமான ஒன்று: பொது நெடுஞ்சாலை வழியாகக் கடந்து செல்பவர். தேசியப் பூங்காவுக்கும் இதே விதிதான்.

ஆக, காட்டை வெட்டிப் போகும் பொதுச் சாலையில் கடந்து போகலாம். அதிலிருந்து பிரியும் மண் பாதையில் பத்து மீட்டர் இறங்கினாலும் அனுமதி வேண்டும். சட்டம் பேசுவது ஆள் நுழைவதைப் பற்றி. கார், பைக், சைக்கிள், நடை எல்லாம் ஒன்றுதான். "புகை விடாத வண்டி, சத்தம் கூட இல்லை சார்" என்பது செல்லாது. மீறினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். முன்பு 25,000 ரூபாயாக இருந்த அபராத உச்சவரம்பை 2022 திருத்தம் உயர்த்தியது.

சரணாலயம் இல்லாத காப்புக்காடுகளிலும் கதை இதுதான். அங்கே 1882-ம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி அத்துமீறி நுழைவது குற்றம்.

"ஊர்க்காரர் ஒருத்தர் அதே பாதையில் சைக்கிளில் போறாரே?" என்று கேட்கலாம். அவருக்கு அங்கே வீடோ நிலமோ உரிமையோ இருக்கும். நமக்கு இல்லை, அவ்வளவுதான்.

நெடுஞ்சாலையிலும் நேரக் கட்டுப்பாடு உண்டு. முதுமலை - பந்திப்பூர் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனப் போக்குவரத்துக்குத் தடை. 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையிலும் 2022 பிப்ரவரி முதல் இரவுக் கட்டுப்பாடு இருக்கிறது.

இவ்வளவு கெடுபிடி ஏன்?

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தது நினைவிருக்கும். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளைத் திறந்துவிட்டது. ஆனால் அவை வழிகாட்டியுடன் நடப்பதற்கானவை. அந்தப் பட்டியலைப் பார்த்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

இன்னொரு காரணம் யானை. சைக்கிளின் பெரிய பலமே காட்டில் பெரிய ஆபத்து: சத்தம் வராது. ஜீப் வந்தால் தூரத்திலேயே யானைக்குத் தெரிந்துவிடும். சைக்கிள் வளைவில் திடீரென்று எதிரே போய் நிற்கும். ஆசிய யானை மணிக்கு சுமார் 25 கிலோமீட்டர் வேகத்தில் வரும். மேடேறும் சைக்கிள்காரரின் வேகம் 8, 10-ஐத் தாண்டாது. அதனால் அனுமதி உள்ள சாலையிலும் விடிகாலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் போவதைத் தவிர்க்க வேண்டும். யானை தெரிந்தால் தூரத்திலேயே நின்று, வந்த வழியே சத்தமில்லாமல் திரும்புங்கள். பெல் அடிப்பது, செல்ஃபி எடுப்பது, பக்கவாட்டில் நைஸாகத் தாண்டப் பார்ப்பது, மூன்றும் வேண்டாம். செக்போஸ்ட்டில் "வண்டியில் ஏத்திட்டுப் போங்க" என்று சொன்னால் வாதாடாமல் ஏற்றிவிடுவதே நல்லது.

அப்போ எங்கேதான் ஓட்டுவது?

கிளம்பும் முன் ஒரே கேள்வி கேளுங்க: இந்த ரோடு யாருடையது? பஞ்சாயத்து ரோடா, நெடுஞ்சாலைத்துறையா, நீர்வளத்துறையா, வனத்துறையா? ஊர்களுக்கு இடையே போகும் பஞ்சாயத்து மண் ரோட்டில் பிரச்சனை இல்லை. சந்தேகம் என்றால் அந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்தில் முதல் நாளே கேட்டுவிடலாம்.

மலை வேண்டும் என்றால் கொல்லிமலை. அடிவாரமான காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள், எல்லாம் தார் ரோடு. மேலே போய்விட்டால் ஊர்களுக்கு இடையே ஏற்ற இறக்கமான ரோடுகள், நடுவில் மிளகுக் கொடிகள். இங்கும் காப்புக்காடு உண்டு, போர்டைப் பார்த்து ஒதுங்கிக்கொள்ளுங்கள். இறங்கும்போது பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வராதீர்கள், சூடேறி பிடிமானம் குறையும். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, பிறகு விட வேண்டும். ஜல்லி கிடக்கும் இடத்தில் முன் பிரேக்கை மட்டும் சட்டென்று பிடித்தால் விழுவது நிச்சயம்.

ஆனால் என்னைக் கேட்டால், நம்ம ஊரில் கிராவலுக்கு ஏற்ற இடம் மலையோ காடோ இல்லை, காவிரிப் படுகைதான். கல்லணையில் இருந்து பிரியும் கால்வாய்களின் கரைகள், கொள்ளிடக் கரை என்று மைல் கணக்கில் கரை ரோடுகள். ஏற்றம் இல்லை, போக்குவரத்து குறைவு, பல இடங்களில் மர நிழலும் உண்டு. பசித்தால் கரையை விட்டு இறங்கினால் ஒரு டீக்கடை.

மாசம் பார்த்துப் போக வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் டெல்டாவின் களிமண் டயருக்கும் ஃபிரேமுக்கும் இடையில் அடைத்து, சக்கரமே சுற்றாது, தோளில் தூக்கித்தான் வர வேண்டும். வழக்கமாக ஜனவரி 28-ல் மேட்டூர் அணை மூடப்படும். அதற்குப் பிறகு, வெயில் ஏறுவதற்கு முன் வரும் பிப்ரவரிதான் இங்கே நல்ல மாசம். காட்டுப்பக்கம் அதே சமயத்தில் தீ சீசன் தொடங்கிவிடும் என்பதால் மலையை டிசம்பர் கடைசி, ஜனவரியில் முடித்துவிடலாம்.

டயரில் காற்று குறைவாக இருக்கட்டும். 70 கிலோ எடையுள்ளவர் 40 மில்லிமீட்டர் டயரில் 35 முதல் 40 பி.எஸ்.ஐ. வைத்தால் குலுக்கல் குறையும், மண்ணில் பிடிமானமும் கிடைக்கும். கரை ரோட்டில் நம் எதிரி சீமைக்கருவேல முள். ட்யூப்லெஸ் டயரில் சீலன்ட் திரவம் ஊற்றியிருந்தால் முள் குத்தினாலும் ஓட்டை தானே அடைபடும். ட்யூப் டயர் என்றால் இரண்டு ஸ்பேர் ட்யூப், ஒட்டும் பேட்ச், கை பம்ப் கட்டாயம். நாய் துரத்தினால் மிதித்துத் தப்பிக்கப் பார்க்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். பெரும்பாலும் விட்டுவிடும்.

வெயிலுக்குக் கால் நனைக்கலாம் என்று ஆற்றில் இறங்குபவர்கள் கவனிக்க: மணல் அள்ளிய பள்ளம் மேலே இருந்து பார்த்தால் தெரியாது. மேலே எங்கேயாவது ஷட்டர் திறந்தாலும் தண்ணீர் சட்டென்று ஏறும். முகம் கழுவ கரையோரத்து அடிபம்பு போதும்.