மரங்கொத்தி மரத்தைக் கொல்லுமா?

கரோல் பாகில் எங்கள் குடியிருப்பின் வாசலில் ஒரு வேப்பமரம் உண்டு. நான் மாற்றலாகி டில்லிக்கு வந்தபோது அது முதல் மாடி உயரந்தான் இருந்தது. இன்று நான்காவது மாடியை எட்டிப் பார்க்கிறது. அதன் பூவைச் சேகரித்து உலர்த்தி வைத்துக்கொள்வதால், எங்கள் கட்டிடத்துத் தமிழ்க் குடும்பங்கள் வருஷப் பிறப்புப் பச்சடிக்கு வேப்பம்பூ தேடி எங்கும் அலைவதில்லை.

சென்ற பங்குனியில் அந்த மரத்துக்கு ஒரு கண்டம் வந்தது. மேற்குப் பக்கத்துக் கிளைகள் இரண்டு மூன்று துளிர்க்கவில்லை. ஒரு பெரிய கிளை முழுவதும் காய்ந்து நின்றது. அந்தக் கிளையில் வட்டமாக ஒரு பொந்து. காலை ஆறு மணிக்கே 'டக் டக் டக்' என்று ஒரு பறவை அங்கே வேலையைத் தொடங்கிவிடும். குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டதாகவே எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள்.

குடியிருப்போர் கூட்டம் கூடியது. மூன்றாவது மாடிப் பஞ்சாபி நண்பர், "இந்தப் பறவை மரத்தைக் குடைந்து கொன்றுவிட்டது. மே மாதப் புயற்காற்றில் மரம் என் கார் மேல் விழுந்தால் யார் பொறுப்பு? வெட்டிவிடலாம்" என்றார். "வேண்டாம், பொந்தில் சிமெண்டைப் பூசி அடைத்துவிடலாம்" என்றார் இன்னொருவர். கடைசியில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "சார், நீங்கள் ரயில்வேயில் என்ஜினீயராக இருந்தவர். நீங்களே சொல்லுங்கள்" என்றார்கள். பதினைந்து நாள் அவகாசம் கேட்டேன். அந்தப் பதினைந்து நாளில் பார்த்ததையும் படித்ததையும் நேயர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் குற்றவாளி யார் என்று பார்ப்போம். முதுகு பொன்னிறம், உச்சியில் சிவப்புக் கொண்டை, மைனாவைவிடச் சற்றுப் பெரிய உடல். இது பொன்முதுகு மரங்கொத்தி. நம் ஊர்ப்பக்கம் தச்சன் குருவி என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டுத் தென்னந்தோப்புகளிலும் இதைக் காணலாம். டில்லியில் நமக்கு அருகிலேயே ரிட்ஜ் காடு இருப்பதால், கரோல் பாக் பக்கம் இது வந்துபோவதில் வியப்பில்லை. புல்தரையில் விசிறிக் கொண்டையோடு நடந்து மண்ணைக் கிளறும் கொண்டலாத்தியை இங்கே பலர் 'கட்ஃபோட்வா', அதாவது மரங்கொத்தி, என்று சொல்கிறார்கள். அது வேறு பறவை.

மரங்கொத்தி எதற்காகக் கொத்துகிறது? காரணங்கள் மூன்று. ஒன்று உணவு. பட்டைக்கு அடியில் இருக்கும் எறும்புகளையும் வண்டின் புழுக்களையும் அது தேடுகிறது. இரண்டு, கூடு. மூன்று, தன் எல்லையை அறிவிப்பதற்கும் துணையை அழைப்பதற்கும் தட்டும் முரசு. மரத்தையே தின்பதற்காக அது கொத்துவதில்லை.

என் அந்தக் கால வேலை நினைவுக்கு வந்தது. பெரிய ஸ்டேஷனில் வண்டி நின்றதும், நீண்ட பிடி போட்ட சுத்தியலோடு ஓர் ஊழியர் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல சக்கரம் மணிபோல ஒலிக்கும். விரிசல் இருந்தால் ஓசை மழுங்கிவிடும். மரக்கட்டை ஸ்லீப்பர்களையும் அப்படித்தான் தட்டிப் பார்ப்போம். உள்ளே உளுத்திருந்தால் 'டொப்' என்று கேட்கும். மரங்கொத்தியும் இதையே செய்கிறது. தட்டிப் பார்த்து, புழுவோ வெற்றிடமோ இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே குடைகிறது. சக்கரத்தில் விரிசல் விழுந்ததற்குத் தட்டிய ஊழியரைக் குற்றம் சொல்வோமா?

அடுத்து, பொந்தினால் மரம் சாகுமா என்ற கேள்வி. மரத்தின் உயிர் பெரும்பாலும் அதன் மேலோட்டில்தான் இருக்கிறது. வெளிப்பட்டை, அதற்குள் இலையில் தயாராகும் உணவைக் கீழே கொண்டுவரும் உள்பட்டை, அதையடுத்து மரத்தைப் பருக்க வைக்கும் மெல்லிய வளர்படலம், பிறகு வேரிலிருந்து நீரை ஏற்றும் வெளிக்கட்டை. நடுவில் இருக்கும் வைரக்கட்டையில் உயிர் இல்லை. அது வெறும் தூண். பட்டையைச் சுற்றிலும் வளையமாக உரித்தால் மரம் பட்டுப்போகும். ஒரு பக்கத்தில் துளை விழுந்தால், சுற்றியுள்ள பட்டை வழியே போக்குவரத்து நடந்துகொண்டிருக்கும். நம் உடம்பைப்போல மரம் காயத்தை ஆற்றி மூடுவதில்லை. காயத்தைச் சுற்றி ரசாயனத் தடுப்புகளை எழுப்பி, அழுகல் பரவாமல் அடைத்துவிட்டு, வெளியே புதுக்கட்டை வளர்க்கிறது. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷிகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து இதை விளக்கினார்.

கூடு கட்டுவதற்கும் மரங்கொத்தி கண்ட இடத்தில் உளி பிடிப்பதில்லை. பெரும்பாலும் காய்ந்த கிளையையோ, காளானால் உள்ளே மெத்தென்று ஆன இடத்தையோதான் தேர்ந்தெடுக்கிறது. எங்கள் மரத்திலும் பொந்து இருந்தது காய்ந்த கிளையில்தான். ஏணி வைத்து ஏறிப் பார்த்தபோது, அதன் அடியில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருந்தது. பொந்து புதியது, காளானோ பழையது. ஆக, நோய் முதலில் வந்தது, மரங்கொத்தி பிறகு வந்தது.

மரம் விழுமா என்ற பயத்துக்குக் கணக்குப் போட்டே பதில் சொன்னேன். உருளையின் வளைவுத் திறன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள அடிமரத்தின் நடுவில் 30 சென்டிமீட்டர் வெற்றிடமானாலும், இழக்கும் விறைப்பு பதினாறில் ஒரு பங்குதான். வெற்றிடம் விட்டத்தில் 70 சதவீதமானால் இழப்பு 24 சதவீதம். அதற்கு மேல் ஆபத்து வேகமாக ஏறும். பக்கவாட்டில் பெரிய வாய் திறந்திருந்தால் பலம் இன்னும் குறையும். எங்கள் அடிமரத்தைச் சுற்றித் தட்டிப் பார்த்தேன். கெட்டியான ஓசை. காய்ந்த கிளை மட்டுமே ஆபத்தானது.

இவ்வளவு மோதியும் பறவைக்குத் தலை வலிக்காதா என்று பேரன் கேட்டான். மண்டையோட்டில் அதிர்வு தாங்கி இருக்கிறது என்றே நெடுங்காலம் எழுதி வந்தார்கள். 2022இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதிவேகப் படங்களை அளந்து, அப்படி எதுவும் இல்லை, தலை விறைப்பான சுத்தியலாகவே இயங்குகிறது என்று காட்டினார்கள். யோசித்தால் இதுதான் நியாயம். ஸ்பிரிங் வைத்த சுத்தியலால் ஆணி அடிக்க முடியுமா? மூளை மிகச் சிறியதாக இருப்பதால் அந்த அதிர்ச்சியை அது தாங்கிக்கொள்கிறது.

மரங்கொத்தி இனம் முழுவதுமே குற்றமற்றது என்று வக்காலத்து வாங்க நான் வரவில்லை. வட அமெரிக்காவில் சாறு குடிக்கும் மரங்கொத்தி வகைகள் உண்டு. அவை உயிருள்ள மரத்தில் வரிசை வரிசையாகத் துளையிட்டு வடியும் சாற்றைக் குடிக்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் துளையிட்டால் கிளைகள் பட்டுப்போவதும் உண்டு. அங்கே மரத்தாலான மின்கம்பங்களுக்கும் தொல்லைதான். 1995இல் டிஸ்கவரி விண்வெளி ஓடத்தின் எரிபொருள் தொட்டியைப் போர்த்தியிருந்த நுரைக் காப்பில் மரங்கொத்திகள் சுமார் 200 துளைகள் போட்டுவிட்டன. ஏவுதளத்திலிருந்து ஓடத்தைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. ஜூன் மாதம் புறப்பட வேண்டியது ஜூலை 13இல்தான் புறப்பட்டது. நம் பொன்முதுகு மரங்கொத்தியும் நலிந்த மரத்தில் புதிய காயம் உண்டாக்கலாம், அதன் வழியே நீரும் காளானும் புகலாம். ஆனால் அது தின்று தீர்க்கும் புழுக்களையும் வரவில் எழுதினால், நஷ்டக் கணக்கு நிற்காது.

அப்படியானால் எங்கள் மரத்துக்கு நோய் எங்கிருந்து வந்தது? இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. பன்னிரண்டு வருஷங்களுக்கு முன், மழைக்காலத்தில் வாசல் சேறாகிறது என்று, அடிமரத்தை ஒட்டி நான்கு அங்குலக் கான்கிரீட் போட வைத்தவன் நான்தான். முன்நின்று மட்டம் பார்த்து, ஒரு சொட்டு நீர்கூடத் தேங்காதபடி சரிவு கொடுத்தேன். தண்டவாளத்துக்கு அடியில் நீர் தங்கக்கூடாது என்பது எங்களுக்குப் பாலபாடம். அந்தப் பாடத்தை மரத்துக்கும் பொருத்திவிட்டேன். வேருக்கு நீரும் வேண்டும், மூச்சுவிடக் காற்றும் வேண்டும் என்று தோன்றவில்லை. மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டில்லியில் 2013இல் ஆணையிட்டதைப் பத்திரிகையில் படித்தேன். நம் வாசலுக்கு அல்ல என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

கூட்டத்தில் இதை ஒளிக்காமல் சொன்னேன். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அந்தப் பஞ்சாபி நண்பரே எழுந்து, "அப்படியானால் உடைக்கும் செலவில் பாதி என்னுடையது" என்றார். சிமெண்டு அடைப்பு யோசனையும் கைவிடப்பட்டது. காற்றில் மரம் அசையும், சிமெண்டு அசையாது. இடுக்கில் நீர் தங்கி அழுகல்தான் கூடும். அதோடு உள்ளே குஞ்சுகள் இருந்தன.

மரத்தைச் சுற்றிக் கான்கிரீட்டை இயந்திரம் இல்லாமல், வேரில் படாமல், உளியால் உடைத்து எடுத்தோம். மண்ணும் இலை உரமும் இட்டோம். குஞ்சுகள் வைகாசியில் பறந்துபோன பிறகு, டில்லியின் 1994ஆம் வருஷத்து மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்கி, காய்ந்த கிளையின் கனமான நுனியை மட்டும் குறைத்தோம். பொந்து இருந்த அடிப்பாகத்தை விட்டுவைத்தோம். மழைக்குப் பிறகு இரண்டு கிளைகள் துளிர்த்தன. ஒன்று துளிர்க்கவில்லை, இனித் துளிர்க்கும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. பொந்தில் இப்போது ஒரு ஜோடி மைனா குடியேறியிருக்கிறது. தானாகக் குடையத் தெரியாத கிளி, மைனா, சின்ன ஆந்தை எல்லாம் மரங்கொத்தி காலி செய்த வீட்டையும் நம்பியிருக்கின்றன.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வாசல் மரத்தில் மரங்கொத்தி தட்டும் ஓசை கேட்டால், அதை விரட்டக் கல்லைத் தேடாதீர்கள். முதலில் குனிந்து அடிமரத்தைப் பாருங்கள். அங்கே சிமெண்டு இருந்தால், தட்டிப் பார்த்துச் சொன்ன ஊழியருக்கு நன்றி சொல்லிவிட்டு, உளியை எடுங்கள்.