தாதியர் ஆராய்ச்சி செய்யலாகுமா?

பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் டாக்டரைக் காண்பது அரிதாக இருந்த காலம் ஒன்றுண்டு. தோட்டத்து ஆஸ்பத்திரியை டிரசர் கவனிப்பார். லயத்து வீட்டில் பிள்ளைப்பேறு பார்ப்பவள் மருத்துவச்சி. எந்தத் தாய்க்கு உதிரப்போக்கு மிகுந்தது, எவள் புண் ஆற நாளாகிறது என்பதை முதலில் அறிபவள் அவளே. ஆராய்ச்சிக்கு வித்தான வினா அங்கேதான் பிறக்கிறது. அவ்வினாவுக்கு விடை காணும் உரிமையும் அவளுக்கு உண்டா?

உண்டென்று இங்கிலாந்தின் ரெடிங் நகர மருத்துவச்சி ஜெனிபர் சிலீப் காட்டினார். பிரசவத்தில் பிறப்பு வாயிலை வெட்டித் தைப்பது அக்காலத்தில் அங்கே பரவலான வழக்கம். அதனால் நன்மை உண்டா என்றறிய, ஆயிரம் தாய்மாரைச் சீட்டுக் குலுக்குவது போல இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவில் 51 விழுக்காட்டினருக்கு வெட்டு நேர்ந்தது. மற்றதில் 10 விழுக்காட்டினருக்கே. ஆயினும் பத்து நாள் கழித்தும், மூன்று மாதம் கழித்தும், இரு பிரிவினரின் வலியிலும் பெரிய வேற்றுமை காணப்படவில்லை. 1984-இல் வெளியான இம்முடிவு, வழக்கமாக வெட்டுவது வேண்டாததென்பதற்குச் சான்றாயிற்று. மருத்துவரும் புள்ளியியல் வல்லாரும் துணைநின்றனர், தலைமை மருத்துவச்சியினுடையது.

மலேசியாவுக்கும் இது புதிதன்று. 1950-ஆம் ஆண்டளவில் இந்நாட்டில் லட்சம் பிறப்புக்கு ஐந்நூறுக்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர். அத்தொகை பன்மடங்கு குறைந்ததற்குப் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளும், அவர்கள் வீடுதோறும் சென்று எழுதிவைத்த குறிப்புகளும் பெருந்துணை புரிந்தன. ஒவ்வொரு தாயின் மரணத்தையும் துருவி ஆராயும் முறையும் 1991-இல் வந்தது.

இன்று தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயத்துக் குடும்பங்கள் பட்டணம் சேர்ந்தன, நோய்களும் மாறின. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நீரிழிவு இந்தியரிடையேதான் மிகுதி. வேலை நேரம் மாறிமாறி வரும் தாய், கருவுற்ற நாளில் இனிப்பு நீரைக் கட்டுப்படுத்துவது எங்ஙனம்? மருந்துச் சீட்டில் இதற்கு விடையில்லை. அவளை மாதந்தோறும் காணும் தாதியே இதை ஆராயத் தக்கவள்.

ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் உண்டு. ஆயினும் நிலையம் மட்டும் போதாது. வேலைப் பட்டியலில் ஆராய்ச்சிக்கென ஒதுக்கிய நேரம், கணக்கிடக் கற்பிப்போர், நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற வழிகாட்டுவோர், கட்டுரையின் தலைப்பில் அவள் பெயர் ஆகிய நான்கும் வேண்டும். தாதியர் பற்றாக்குறை உள்ளபோது நேரம் ஏது என்பர். பயனற்ற வழக்கமொன்றைக் கண்டு விலக்கினால் அந்த நேரம் மீளும். தாயின் துன்பமும் குறையும்.