கர்னல் வில்லியம் எஃப். கோடி (ஓவியம்)

கர்னல் வில்லியம் எஃப். கோடி என்பது பிரெஞ்சு விலங்கு ஓவியர் ரோசா பொனர் (1822–1899) 1889 ஆம் ஆண்டில் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம் ஆகும். "பஃபலோ பில்" என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட வில்லியம் கோடி வெள்ளைக் குதிரையின் மீது அமர்ந்திருப்பதை இது காட்டுகிறது. விலங்குகளை வரைந்தே புகழ்பெற்ற பொனரின் படைப்புகளில், ஒரு மனிதரை முதன்மையாகக் கொண்ட சிலவற்றுள் இதுவும் ஒன்று.

ஓவியர்

பொனர் பிரான்சின் போர்தோ நகரில் ஓவியர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். விலங்குகளின் உடலமைப்பை அறியக் குதிரைச் சந்தைகளுக்கும் இறைச்சிக் கூடங்களுக்கும் சென்று வரைந்தார். பெண்கள் காற்சட்டை அணியக் காவல்துறையின் அனுமதி தேவைப்பட்ட காலம் அது. பொனர் அந்த அனுமதியைப் பெற்று, அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டார். 1865 இல் பிரான்சின் லெஜியன் ஆஃப் ஆனர் விருதைப் பெற்ற முதல் பெண் ஓவியர் இவரே. பாரிசுக்குத் தெற்கே, ஃபோன்தேன்புளோ காட்டை ஒட்டிய தம் மாளிகையில் சிங்கம் உட்படப் பல விலங்குகளை வளர்த்தார்.

பின்னணி

1889 இல் பாரிசில் உலகக் கண்காட்சி நடைபெற்றது. அதே ஆண்டில் பஃபலோ பில் தம் "வைல்ட் வெஸ்ட்" காட்சிக் குழுவுடன் அந்நகருக்கு வந்து முகாமிட்டார். பல்லாண்டுகள் தம்முடன் வாழ்ந்த தோழி நத்தாலி மிக்காசை அவ்வாண்டு சூன் மாதம் இழந்த துயரத்தில் பொனர் இருந்தார். முகாமுக்குச் சென்று அங்கிருந்த காட்டெருமைகள், குதிரைகள், லகோட்டா பழங்குடியினர் ஆகியோரை வரைந்தார். பின்னர் பஃபலோ பில்லும் பொனரின் மாளிகைக்கு விருந்தினராக வந்தார். அமெரிக்காவிலிருந்து பொனருக்குப் பரிசாக வந்து, யாருக்கும் அடங்காதிருந்த குதிரைகளை அவருடைய ஆட்கள் கயிறு வீசிப் பிடித்துச் சென்றனர்.

தொடர்வண்டிப் பாதை அமைத்த தொழிலாளர்களின் உணவுக்காக 4,000க்கும் மேற்பட்ட காட்டெருமைகளைக் கொன்றதாகப் பஃபலோ பில் தாமே கூறியுள்ளார். அவருடைய பட்டப்பெயர் அதனால் வந்தது. விலங்குகளிடம் பேரன்பு கொண்ட ஓவியர், அத்தகைய வேட்டைக்காரரையும் மதிப்புடன் வரைந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

அமைப்பு

பொனரின் புகழ்பெற்ற "குதிரைச் சந்தை" ஓவியம் 5 மீட்டருக்கும் மேல் அகலமானது. இவ்வோவியமோ சுமார் 47 செ.மீ. உயரமும் 39 செ.மீ. அகலமும் மட்டுமே கொண்டது. சுவர் நாட்காட்டி ஒன்றின் அளவே இருக்கும். பஃபலோ பில் குஞ்சம் வைத்த தோல் சட்டையும் அகன்ற தொப்பியும் அணிந்து நிமிர்ந்து அமர்ந்திருக்கிறார். குதிரை வெறும் இருக்கையாகக் காட்டப்படவில்லை. அதன் தசை, கால்கள், பார்வை ஆகியவை மனிதரின் முகத்துக்கு இணையான கவனத்துடன் தீட்டப்பட்டுள்ளன.

பிற்கால வரலாறு

பஃபலோ பில் இவ்வோவியத்தை அமெரிக்காவில் இருந்த தம் வீட்டுக்கு அனுப்பினார். அவ்வீடு தீப்பிடித்தபோது, வீடு போனாலும் ஓவியத்தைக் காப்பாற்றுமாறு தந்தி கொடுத்தார் என்று அவருடைய தங்கை ஹெலன் 1899 இல் வெளியிட்ட நூல் கூறுகிறது. பொனர் பஃபலோ பில்லை வரையும் காட்சி 1896 இல் வெளியான காட்சிக் குழுவின் விளம்பரச் சுவரொட்டியிலும் இடம்பெற்றது. இன்று மூல ஓவியம், பஃபலோ பில்லின் பெயரைத் தாங்கிய வயோமிங் மாநிலக் கோடி நகரின் அருங்காட்சியகத்தில் உள்ளது.