முதியோர் மருத்துவக் காப்பீடு: அட்டை கையில் இருக்கு... பட்டியல் சரியா இருக்கா?

‘70 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு என்கிறார்களே, நிலம் வைத்திருக்கும் விவசாயிக்கும் உண்டா?’ வயதான பெற்றோர் உள்ள வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது.

திருச்சி கைலாசபுரத்தில் ‘பெல்’ ஊழியர் குடியிருப்பும், அதற்கென்றே ஓர் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. ஓய்வுபெற்ற ஊழியர்களுக்குத் தனி மருத்துவத் திட்டமும் உண்டு. ஆனால், சுற்றியுள்ள கூத்தைப்பார், நவல்பட்டு பகுதிகளில் வயலையே நம்பி வாழ்ந்தவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை, நிறுவன ஆஸ்பத்திரியும் இல்லை. இருதயமோ சிறுநீரகமோ பழுதானால், அரசுக் காப்பீடுதான் கை கொடுக்க வேண்டும்.

தமிழகத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012-ல் தொடங்கியது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

2024 அக்டோபர் 29-ல், 70 வதைக் கடந்தவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது என்று மத்திய அரசு திட்டத்தை விரிவாக்கியது. நிலம் இருப்பது இதற்குத் தடையில்லை. ஏற்கெனவே திட்டத்தில் உள்ள குடும்பம் என்றால், முதியவருக்கு மட்டும் தனியாக இன்னொரு 5 லட்சம். அது கணவன், மனைவி இருவருக்கும் சேர்த்துத்தான். ஆளுக்கு 5 லட்சம் அல்ல.

அறிவிப்பு நல்லதுதான். கோளாறு பட்டியலில் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை அதைப் புட்டுப்புட்டு வைத்தது. ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகளுக்கு 9999999999 என்ற ஒரே செல்போன் எண். தகுதியைச் சரிபார்க்க செல்போன் எண்ணைப் பயன்படுத்துவதில்லை என்று மத்திய அரசு விளக்கம் சொன்னது. ஆனால், ஏற்கெனவே இறந்துவிட்டதாகப் பதிவான 3,446 பேரின் சிகிச்சைக்கு 6.97 கோடி ரூபாய் பட்டுவாடா ஆகியிருந்ததே!

தமிழகக் கணக்கும் அதில் உண்டு. 7 ஆதார் எண்களில் 4,761 பதிவுகள். அரசு ஓய்வூதியர்கள் 1,07,040 பேர் ஏழைகள் பட்டியலில் இருந்தார்கள். அவர்களை நீக்கத் தாமதித்ததால், காப்பீட்டு நிறுவனத்துக்குப் பிரீமியமாகப் போன தொகை சுமார் 22.44 கோடி ரூபாய். பயிரைவிடக் களைக்கு அதிக உரம் போட்ட கதைதான்.

நம் வீட்டுப் பெரியவரைக் காப்பாற்ற என்ன செய்யலாம்? நோய் வரும் முன்பே இவற்றை முடித்துவிடுங்கள்.

* ரேஷன் அட்டையில் அவர் பெயர் இருக்கிறதா, ஆதாரில் உள்ள வயதும் எழுத்தும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

* ஆதாரில் வீட்டில் புழங்கும் செல்போன் எண்ணைச் சேருங்கள். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்களில் ரேகை பதியாமல் போவது சகஜம். அப்போது செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. உதவும். யார் போனில் கேட்டாலும் அந்த எண்ணைச் சொல்லாதீர்கள்.

* முதலமைச்சர் திட்டத்தில் சேர வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதாருடன் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போகலாம். விவரங்களுக்கு 1800 425 3993.

* 70 வயது கடந்தவர்களுக்கான திட்டம் பற்றி 14555-ல் கேளுங்கள். இரண்டுமே கட்டணமில்லா எண்கள்.

* ஆஸ்பத்திரியில் சேரும்போதே, அந்தச் சிகிச்சை திட்டத்தில் வருகிறதா, இந்த ஆண்டுக் கணக்கில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். நீங்கள் பெறாத சிகிச்சை கணக்கில் இருந்தால் உடனே புகார் செய்யுங்கள்.

* திட்டத்தில் வரும் சிகிச்சைக்குப் பணம் கேட்டால் ரசீது வாங்குங்கள். அதை இணைத்து, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுங்கள். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு முக்கியம்.

நிலப் பட்டாவில் பெயர் தவறினால் நாம் சும்மா இருப்பதில்லை. காப்பீட்டுப் பட்டியலுக்கும் அதே அக்கறை வேண்டும். கோடிக்கணக்கில் பிரீமியம் கட்டும் அரசு, இறந்தவர்களை நீக்கி, இருப்பவர்களைச் சேர்க்கும் வேலையைக் கிராமம் கிராமமாகச் செய்ய வேண்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதையே தீர்மானமாகக் கேளுங்கள்.